நண்டு வாடியில் நின்ற தரம் 9 மாணவன்: தீவகக் கரையோரக் கிராமம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணத் தீவகத்தில், தாம்போதியால் குடாநாட்டோடு இணைந்த ஒரு தீவின் மேற்குக் கரையில் நடந்த நிகழ்வு இது. நான் உள்ளூர்ப் பெண்கள் அமைப்பு ஒன்றின் கள உத்தியோகத்தராக இதில் தொடக்கம் முதல் இருந்தேன். ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதவில்லை. வீட்டை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

ஊரில் பெரும்பாலானோர் 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்து, பின்னர் கட்டம் கட்டமாகத் திரும்பி வந்தவர்கள். நாங்கள் கவனித்த சிறுவனின் தந்தை இடம்பெயர்ந்தபோது ஒன்பது வயதுப் பிள்ளை. தரம் 6க்கு மேல் படிக்கவில்லை. சொந்தப் படகு கிடையாது. படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பைபர் படகில் பங்குக்குப் போகிறார். அதாவது பிடித்த நண்டின் விலையில் எண்ணெய்ச் செலவைக் கழித்து, படகுக்கும் எஞ்சினுக்கும் உரியதை எடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் அவருக்குப் பங்கு.

இந்தக் கணக்கை 2022ஆம் ஆண்டு குலைத்தது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்குப் போனது. பின்னர் சற்று இறங்கினாலும் பழைய விலைக்கு வரவில்லை. எண்ணெய்ச் செலவு முதலில் கழிவதால் இழப்பின் பெரும்பகுதி பங்காளிகளின் தலையில் விழுந்தது. சம்மாட்டிகளும் கரைவேலைக்கு வளர்ந்தவர்களை அழைப்பதைக் குறைத்தார்கள். வலையிலிருந்து நண்டு கழற்றுவது அப்படித்தான் பொடியன்களின் வேலையாக மாறியது.

நண்டு வலை மாலையில் விடப்பட்டு, விடியுமுன் எடுக்கப்படும். ஐந்து மணியளவில் வலை, நண்டு சிக்கியபடியே கரைக்கு வரும். கொம்பனிக்கு எடுக்கும் முகவர் வருமுன் ஒவ்வொரு நண்டையும் கால் முறியாமல் கழற்ற வேண்டும். கால் முறிந்தால் விலை விழும். அதன் பிறகு வலையில் ஒட்டிய பாசி, குப்பை எடுத்து, மடித்து அடுக்க எட்டு எட்டரை ஆகிவிடும். பாடசாலை மணி அடிப்பதோ 7.30க்கு.

சட்டத்தில் இடைவெளி எதுவும் இல்லை. கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 16. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. கல்வி 1945 முதல் இலவசம். பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசே கொடுக்கிறது. இவ்வளவும் இருந்தும் ஒரு பிள்ளை கிழமைக்கு மூன்று நாள் எப்படி வாடியில், அதாவது கரையில் உள்ள மீன்பிடிக் கொட்டிலில், நிற்கிறான் என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி.

இடாப்பில் தெரிந்தது

2023 ஜூலையில் தரம் 9 வகுப்பாசிரியைதான் முதலில் எங்களிடம் பேசினார். அவர் கவனித்தது வரவை மட்டும் அல்ல. ஒரு மாணவனின் விரல்களில் சின்னச் சின்ன வெட்டுக் காயங்கள் இருந்தன. ஒன்று சீழ் வைத்திருந்தது. வந்த நாட்களிலும் மூன்றாம் பாடவேளைக்குள் மேசையில் தலை சாய்த்துவிடுவான். ஆசிரியை அவனை ஏசாமல், காயத்துக்கு மருந்து போட வைத்தியசாலைக்கு அனுப்பினார். அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னார்.

வரவுப் பதிவேடான இடாப்பை விரித்துப் பார்த்தோம். திங்கள், புதன், வெள்ளி வரவில்லை. செவ்வாய், வியாழன் வந்திருக்கிறான். மாதக்கணக்கில் இதே ஒழுங்கு. நோயோ சோம்பலோ இப்படி நாள் பார்த்து வராது. அதே வகுப்பில் இன்னொருவனுக்கும் தரம் 10இல் ஒருவனுக்கும் ஏறக்குறைய இதே கோலம்தான்.

காரணத்தைக் கரையில் ஒரு பெரியவர் சொன்னார். இந்திய இழுவைப் படகுகள் திங்கள், புதன், சனி இரவுகளில் இந்தப் பக்கம் வருகின்றன. அந்த இரவுகளில் இவர்கள் வலை விடுவதில்லை. விட்டால் இழுவை மடி வலையை அறுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் கழற்ற நண்டு இருக்காது. பொடியனுக்குப் பாடசாலை போக வாய்ப்பது அந்த இரண்டு நாட்களில்தான்.

தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. இழுவைப் படகுகள் வராத அந்த இரண்டு மாதமும் இங்குள்ளவர்கள் எல்லா இரவும் வலை விடுகிறார்கள். 2023இல் அந்தக் காலத்தில், சாதாரண தரப் பரீட்சைக்காகப் பாடசாலை மூடியிருந்த நாட்கள் போக, அவன் பெயருக்கு எதிரே கிட்டத்தட்ட எல்லாக் கட்டமும் வெறுமை.

இதை விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் சிறுவர் செயற்பாட்டு அளவீடு 43,714 பிள்ளைகளைச் சிறுவர் தொழிலாளர் என்று கணக்கிட்டது. அது 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1 சதவீதம். சிறிய எண்ணாகத் தெரிவதால் ஊர் மட்டத்தில் பலர் இது நம்மிடம் இல்லாத பிரச்சினை என்று நினைக்கிறார்கள். இந்தப் பிள்ளையோ பாடசாலையை விட்டு விலகியவன் அல்ல. பதிவில் அவன் மாணவன்தான். இடைவிலகல் பட்டியலில் மட்டும் தேடினால் இப்படியான பிள்ளை ஒருநாளும் அகப்படமாட்டான். இடாப்பில் கிழமை நாட்களைத் தனித்தனியே பார்த்தால்தான் தெரியும்.

வீட்டில் அறிந்தவை

வீட்டுக்கு வகுப்பாசிரியையும் நானும் சேர்ந்து போனோம். கிராம அலுவலரோடு போகலாம் என்ற யோசனையும் இருந்தது. அரச உத்தியோகத்தரைக் கண்டதும் குடும்பம் விறைத்துப்போய்விடும் என்பதால் அதைத் தள்ளிவைத்தோம்.

மூன்று பிள்ளைகள். மூத்தவன் 14, மகள் 11, கடைக்குட்டிக்கு மூன்று. தாய் நண்டுச் சதை எடுக்கும் இடமொன்றில் நாட்கூலி. அவர் எதையும் மறைக்கவில்லை. “மிஸ், அவன் கடலுக்குப் போகேல்லை. கரையிலதான் நிக்கிறான். நான் போகச் சொல்லவுமில்லை, வேண்டாமெண்டும் சொல்லேல்லை” என்றார்.

பேசப் பேசக் கடன் வெளியே வந்தது. 2022இல் இழுவைப் படகு, தந்தை தன் பங்குக்காக வாங்கிப் போட்டிருந்த வலைகளை அறுத்துவிட்டது. புது வலைக்குத் தாய் ஒரு நுண்நிதி நிறுவனத்தில் கடன் எடுத்தார். எண்ணெய் விலை ஏறியதும் தவணை தவறியது. அதை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் இரண்டாவது கடன். ஒவ்வொரு திங்களும் 2,100 ரூபா கிழமைக்காசு கட்ட வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் பொறுப்பு. காசு முழுதாகச் சேரும்வரை குழுவில் ஒருவரும் எழும்பிப் போக முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்களை அப்படிக் காக்கவைப்பதுதான் அவருக்குத் தாங்க முடியாத வெட்கம்.

மூத்தவன் வாடியில் பெற்றது ஒரு காலைக்கு 500, நல்ல நாளில் 600 ரூபா. திங்கள், புதன், வெள்ளி, சனி என்று கிழமைக்கு நான்கு காலை. கூட்டிப் பார்த்தால் கிழமைக்காசும் கொஞ்சச் சில்லறையும். அவன் உழைப்பு வீட்டின் பொதுச் செலவுக்குள் கலக்கவில்லை. நேரே அந்த ஒரு தவணைக்குப் போனது. தாய் கேட்டு அவன் போகவில்லை. அம்மா குழுவில் தலை குனிந்து இருந்ததைக் கண்டுவிட்டு, தானாகப் போய் நின்றிருக்கிறான்.

2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் நுண்நிதிக் கடனுக்கு அரசு ஒரு நிவாரணம் கொடுத்தது. இந்தக் கடன் அதற்குப் பிந்தியது. 2023 ஜூலையில் தொடங்கிய அரச நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பட்டியலிலும் குடும்பம் இல்லை. முதல் கட்ட விண்ணப்பக் காலத்தில் தாய் கைக்குழந்தையோடு வைத்தியசாலையில் இருந்திருக்கிறார்.

தந்தை வேறு விதமாகப் பேசினார். “கடல் சின்னனிலேயே பழகோணும். பிறகு கை வராது” என்பது அவர் வாதம். இது சாட்டு என்று நாங்கள் எடுக்கவில்லை. படிப்பு அவருக்குக் கைகொடுக்கவில்லை. கடல்தான் சோறு போட்டது. மகன் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்பது நியாயமான கவலைதான்.

சிறுவனோடு தனியே பேசியது ஆசிரியை. பாடசாலை பிடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, “வந்தாலும் ஒண்டும் விளங்காது ரீச்சர்” என்றான். இதைத் தாய் தகப்பன் இருவரும் அறிந்திருக்கவில்லை.

சட்டமா, சங்கமா

2023 ஓகஸ்டில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், அதிபர், வகுப்பாசிரியை, கிராம அலுவலர், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர், பங்குத்தந்தை எல்லோரும் சனசமூக நிலையத்தில் கூடினார்கள். முதலில் எடுக்க வேண்டிய முடிவு, சம்மாட்டிமீது முறைப்பாடு செய்வதா என்பது. 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு அழைப்பு எடுத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை வரை விஷயம் போகும். தொழில் திணைக்களமும் வழக்குத் தொடரலாம்.

அந்தக் கட்டத்தில் முறைப்பாடு வேண்டாம் என்று முடிவானது. காரணங்கள் மூன்று. மூன்று சிறுவர்களும் மூன்று வெவ்வேறு வாடிகளில் நின்றார்கள். ஒருவர்மேல் வழக்குப் போனால் மற்றவர்கள் பொடியன்களை மறைவான இடத்துக்கு மாற்றுவார்களே தவிர விடமாட்டார்கள். அடுத்து, சம்மாட்டி ஒருவர் இந்தக் குடும்பத்துக்கு உறவு. தந்தையின் பங்கும் அவர் படகில்தான். வழக்கால் தந்தைக்குக் கடல் இல்லாமல் போனால் மூத்தவன் முழுநாள் வேலைக்குப் போவான். மூன்றாவது, கிழமைக்காசு அப்படியே இருக்கும்.

ஆனால் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒரு எல்லைக்கோடு போட்டார். சிறுவர்களில் யாராவது படகில் கடலுக்குக் கொண்டுபோகப்பட்டால், அல்லது காயப்பட்டால், அல்லது சங்கத்தின் தீர்மானத்துக்குப் பிறகும் வேலைக்கு எடுக்கப்பட்டால், அன்றே சட்டப்படி நடவடிக்கை. இது கூட்டத்தின் குறிப்பில் எழுதப்பட்டு, சங்கத் தலைவர் கையொப்பம் வைத்தார். பேச்சுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு இருந்தது என்பது என் கருத்து.

சங்கக் கூட்டம் எளிதாக நடக்கவில்லை. ஆள் கூலி கூடும் என்று சம்மாட்டிகள் சொன்னார்கள். வளர்ந்த பெண்களை எடுத்தால் ஒரு காலைக்கு இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும் என்பது உண்மைதான். அவர்களை அசைத்தது எங்கள் பேச்சு இல்லை. நண்டு எடுக்கும் முகவர் எழும்பி, பொடியன்கள் அவசரத்தில் கழற்றும் நண்டில் கால் முறிந்தது அதிகம், அதனால் தரம் குறைந்து விலை போகிறது என்று கணக்குச் சொன்னார். சதை எடுத்துப் பழகிய பெண்களின் கையில் அந்தச் சேதம் குறைவு. வெளிநாட்டுக்கு அனுப்பும் கொம்பனிக்குச் சிறுவர் வேலை பற்றிக் கேள்வி வந்தால் இந்தக் கரையிலிருந்தே எடுக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். அதன் பிறகுதான் தீர்மானம் நிறைவேறியது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் கழற்றும் வேலைக்கு எடுப்பதில்லை, சனிக்கிழமையும் இல்லை. பெண்கள் குழுவாக வேலையை எடுப்பார்கள். கூலியைச் சங்கம் நிர்ணயிக்கும்.

வீட்டில் தந்தையோடு இருந்து வலை பொத்துவதை யாரும் தடுக்கவில்லை. தந்தையின் கவலைக்கு அதுதான் கொடுக்கக்கூடிய மரியாதையான பதில் என்று பங்குத்தந்தை சொன்னார். நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

கிழமைக்காசு

தீர்மானம் மட்டும் போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூத்தவன் நின்றுவிட்டால் வருகிற திங்களே 2,100 ரூபா இடிக்கும்.

இரண்டாவது கடனில் கட்ட இருந்தது சுமார் 70,000 ரூபா. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து அந்தத் தொகையைக் குறைந்த வட்டிக்குக் கொடுத்தன. நிறுவனத்தின் கணக்கு ஒரேயடியாக மூடப்பட்டது. தாய் இனி மாதம் 3,500 ரூபா சங்கத்துக்குக் கட்டினால் சரி. மாதம் ஒன்பதாயிரம் வரை போய்க்கொண்டிருந்த இடத்தில் இது பெரிய இறக்கம். ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம். அதற்காக அயலவர் யாரும் காத்திருக்கத் தேவையில்லை.

வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் முழுத் தொகையையும் அன்பளிப்பாகத் தர முன்வந்தார்கள். நல்ல மனம்தான். ஆனால் அதை ஏற்கவில்லை. இதே கடனில் இருக்கும் மற்ற வீடுகளுக்கு என்ன பதில் சொல்வது என்று மாதர் சங்கத் தலைவி கேட்டார். கடனாகக் கொடுத்தால் திரும்பி வரும் காசு அடுத்த வீட்டுக்குப் போகும். வெளிநாட்டுப் பணம் மாலை வகுப்புக்கு ஒதுக்கப்பட்டது.

பாடத்தைப் பிடித்தல்

2023 ஒக்டோபர் முதல் மூத்தவன் ஐந்து நாளும் பாடசாலைக்கு வந்தான். அங்கே அடுத்த சிக்கல் காத்திருந்தது.

இவர்கள் தரம் 6இல் இருந்தபோது கொரோனாவால் பாடசாலைகள் மூடின. 2020, 2021 இரண்டு ஆண்டும் வகுப்பு விட்டுவிட்டுத்தான் நடந்தது. வட்ஸ்அப்பில் பாடம் வந்தது, வீட்டில் அதற்கான தொலைபேசி இல்லை. 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடி மூடினார்கள். தரம் 6இல் நின்றுபோன பிள்ளை தரம் 9 புத்தகத்தோடு இருந்தான். ஆசிரியை வாசிக்கக் கொடுத்துப் பார்த்தபோது தரம் 4 பந்தியில் தடுமாறினான். வாசிப்பு அப்படி, மனக்கணக்கோ வகுப்பில் பலரைவிட வேகம். கிலோ, கழிவு, விலை என்று தினமும் வாயால் போட்ட கணக்கு அது. அதைக் கொப்பியில் எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடும்.

சனசமூக நிலையத்தில் மாலை நான்கு மணி முதல் ஆறு வரை வகுப்பு தொடங்கியது. கற்பித்தவர் உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த ஊர்ப் பெண். அவருக்கு மாதச் சிறு கொடுப்பனவு. பட்டணத்து டியூட்டரி வகுப்புகள் தரம் 9 பாடத்தையே இன்னொரு தடவை ஓட்டுகின்றன. அதில் சேர்த்திருந்தால் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைத்திராது. இந்த வகுப்பு வாசிப்பிலிருந்து தொடங்கியது. முகவர் கொடுக்கும் துண்டுச் சிட்டை, காலநிலை அறிவித்தல், பத்திரிகையில் வரும் கடற்றொழில் செய்திகள் என்று அவன் அறிந்த விஷயங்களை வாசிக்க வைத்தார். சதவீதத்தை நண்டுக் கழிவில் தொடங்கினார். எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் வெட்டுவதில்லை என்ற ஒரு ஒழுங்கையும் அவரே வைத்துக்கொண்டார்.

வெறுமனே பின்தங்கியவர்களுக்கு என்று வைத்தால் மூவரும் வெட்கத்தில் வரமாட்டார்கள் என்பதால் தரம் 6 முதல் 9 வரை யாரும் வரலாம் என்று திறந்துவிடப்பட்டது. வாசிப்பில் இதே நிலையில் இன்னும் பல பிள்ளைகள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் ஒரு நாளும் பாடசாலை தவறவிட்டதில்லை.

தங்கையின் வரவு

நவம்பரில் தரம் 6 ஆசிரியர் ஒரு செய்தி சொன்னார். மூத்தவனின் தங்கை அடிக்கடி தாமதமாக வருகிறாள். சில நாள் வருவதே இல்லை.

காரணம் எங்கள் ஏற்பாட்டிலேயே இருந்தது. பெண்கள் குழு வாடி வேலையை எடுத்ததில் தாயும் ஒருவர். முன்பு ஆறரைக்கு வீட்டை விட்டவர் இப்போது ஐந்துக்கே கரைக்குப் போகிறார். கடைக்குட்டியை யார் பார்ப்பது? பதினொரு வயது மகள்தான். தம்பிக்கு முகம் கழுவி, தேத்தண்ணி கொடுத்து, பாண் வாங்கி வந்து, தாய் திரும்பும்வரை காத்திருக்கிறாள். இதை யாரும் வேலை என்று சொல்லவில்லை, கூலியும் இல்லை. அண்ணனின் விரலில் காயம் தெரிந்தது. இவளிடம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றும் இல்லை. தரம் 6 ஆசிரியர் பார்த்திராவிட்டால், ஒரு பிள்ளையை மீட்டதாக எழுதிவிட்டு இன்னொரு பிள்ளையை விட்டிருப்போம். ஊரில் ஆண் பிள்ளை வேலைக்குப் போனால் கேள்வி வருகிறது. பெண் பிள்ளை வீட்டைப் பார்த்தால் “பொறுப்பான பிள்ளை” என்ற பாராட்டு வருகிறது. இந்த நிகழ்வில் எனக்கு மனதை அதிகம் அழுத்தியது இதுதான்.

தாய் வேலையை விடுவது ஒரு வழி என்று பேசப்பட்டது. அது மாதக் கடனையும் வீட்டையும் பழையபடி இடிக்கும். பெண்கள் குழுவே தீர்வைச் சொன்னது. நண்டு கழற்றும் ஒவ்வொரு காலையும் குழுவில் ஒருவர் வாடிக்குப் போகாமல், தன் வீட்டில் எல்லோருடைய சின்னப் பிள்ளைகளையும் வைத்துப் பார்ப்பார். அன்றைய கூலியில் அவருக்கும் சம பங்கு. எட்டரைக்கு முன்பள்ளி திறந்ததும் அங்கே கொண்டுபோய் விடுவார். முறை மாறி மாறி வரும். முன்பள்ளிக் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கத் தேவாலயப் பங்கு நிர்வாகம் ஒத்துக்கொண்டது. ஜனவரிக்குள் தங்கையின் வரவு சீரானது.

2024 ஏப்ரல் 15க்குப் பிறகு

தடைக்காலம் தொடங்கியதும் கரை மாறிவிடும். எல்லா இரவும் வலை, எல்லாக் காலையும் நண்டு. பெண்கள் குழுவால் அவ்வளவையும் எட்டு மணிக்குள் முடிக்க இயலவில்லை. முகவர் காத்திருப்பார், வெயில் ஏறும், நண்டு செத்தால் விலை இல்லை. ஒரு வாடியில் மறுபடி பொடியன்களைக் கூப்பிட்டார்கள். மூத்தவனும் ஏறக்குறைய இரண்டு கிழமை போனான். இந்த முறை கடனுக்காக இல்லை. கை நிறையக் காசு கிடைக்கும் காலம் அது, சைக்கிள் ஒன்று வாங்க ஆசைப்பட்டிருக்கிறான்.

தீர்மானத்துக்குப் பிறகும் வேலைக்கு எடுத்தால் சட்டம் என்று எழுதியிருந்ததால், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் அந்தச் சம்மாட்டிக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்தார். தொழில் திணைக்கள உத்தியோகத்தரும் கரைக்கு வந்தார். வழக்கு வரை போகவில்லை, அன்றோடு பொடியன்கள் வாடியில் இல்லை. அந்த வருகை ஊரில் கசப்பையும் உண்டாக்கியது. சிலர் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். சங்கத் தலைவர் அதைத் தாங்கிக்கொண்டார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். அவருடைய சொந்தத் தம்பியின் வாடி அது.

சைக்கிளுக்குப் பழைய மாணவர் சங்கம் வழி கண்டது. அவனுக்கு மட்டும் கொடுக்காமல், வரவை வைத்து ஒரு சிறு எண்ணிக்கையில் தூர இடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அவன் பெயர் அதில் வந்தது ஆண்டின் பிற்பாதியில்தான்.

மூன்று சிறுவர்களும் 2025இல்

முதல் இருவரும் 2025இல் தரம் 11இல் படித்தார்கள். மூத்தவன் தமிழும் கணிதமும் சித்தியடைவான் என்று ஆசிரியை நம்பினார். ஆங்கிலமும் விஞ்ஞானமும் கடினம்தான். அவன் விருப்பம் படகு எஞ்சின் திருத்துவது. தொழிற்பயிற்சி அதிகாரசபைப் பயிற்சிநெறி ஒன்றைப் பற்றி ஆசிரியை தந்தையோடு பேசியிருக்கிறார். தந்தைக்கு அது பிடித்திருக்கிறது.

தரம் 10இல் இருந்த மூன்றாமவனை நிறுத்தி வைக்க முடியவில்லை. கூட்டம் நடந்தபோதே அவனுக்கு 16 நெருங்கிவிட்டது. தந்தை இல்லை. மாலை வகுப்புக்குச் சில நாள் வந்தான். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருந்து வாசிக்க அவனால் இயலவில்லை. 2023 முடிவதற்குள் வவுனியாவில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். பயிற்சிநெறிகளுக்கு அவனை அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தபோது அவன் ஊரில் இல்லை.

தாயின் சங்கக் கடன் முடியும் தறுவாயில் இருந்தது. இரண்டு மாதம் தவறி, பிறகு சேர்த்துக் கட்டினார். 2024 தொடக்கத்தில் அஸ்வெசும இரண்டாம் கட்ட விண்ணப்பம் கோரப்பட்டபோது கிராம அலுவலர் தானே வந்து படிவம் நிரப்பிக் கொடுத்தார். ஆனால் அந்தக் காசு கைக்கு வர நெடுங்காலம் ஆனது. அரச உதவி வந்து சேரும்வரையான இடைவெளியைச் சங்கக் கடனும் பெண்கள் குழுவின் கூலியும்தான் தாங்கின.

மாற்றிக்கொண்டவை

இந்த அனுபவத்துக்குப் பிறகு நடைமுறையில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. வகுப்பாசிரியர்கள் மாத முடிவில் வரவு வீதத்தை மட்டும் கூட்டாமல், எந்தக் கிழமை நாட்களில் வராமை விழுகிறது என்றும் பார்க்கிறார்கள். பாடசாலை வரவுக் குழுவுக்கு அந்தத் தாள் போகிறது. தோட்டம் செய்யும் ஊர்களில் இந்த நாட்கள் வேறாக இருக்கும். வலிகாமத்தில் வெங்காயம் நடும், கிண்டும் காலங்களை இதே விதமாக இடாப்போடு ஒட்டிப் பார்க்கலாம்.

ஒரு பிள்ளைக்காக வீட்டுக்குப் போகும்போது அந்த வீட்டின் எல்லாப் பிள்ளைகளின் வரவையும் முதல் நாளே எடுக்கிறோம். தாய்க்கு வேலை ஏற்பாடு செய்தால், அந்த நேரத்தில் சின்னப் பிள்ளையோடு யார் இருப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் எழுதப்படாமல் ஏற்பாடு தொடங்குவதில்லை. 15 வயது கடந்தவர்களுக்கு மாலை வகுப்பு பொருந்தவில்லை. அவர்களை நேரே தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதில் தொடங்குகிறோம். மூன்றாமவனுக்கு அது கிடைத்திருக்க வேண்டியது.

தடைக்காலத்துக்கான ஆயத்தம் மார்ச்சிலேயே நடக்கிறது. 2025இல் சங்கம் பக்கத்து ஊர்ப் பெண்களையும் சேர்த்து இரண்டாவது குழு ஒன்றை அமைத்தது. முகவரும் வருகை நேரத்தை அரை மணி பின்தள்ளினார். அந்த இரண்டு மாதத்தில் தரம் 9, 10 இடாப்புகளில் பழைய கோலம் தெரியவில்லை. விடுமுறை நாட்களில் ஒன்றிரண்டு சின்னவர்கள் இன்னும் வாடிப் பக்கம் நிற்கிறார்கள். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் என்ன கடன் என்று மாதர் சங்கம் விசாரித்து வருகிறது.